கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலை பார்த்தவர்

எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை வெளியில் காயப்போடுகிற வழக்கம் கிடையாது. ராயபுரத்தில் கடலை ஒட்டிய தெரு அது. துறைமுகத்தில் இரும்புத் தாது கொட்டி வைத்திருக்கும் யார்டிலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், கொடியில் கிடக்கிற வேட்டி, பாவாடை, குழந்தைத் துணி எல்லாம் சிவந்துவிடும். தண்டையார்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இது தெரியாது. முதல் வாரமே, மாதா கோயில் பூசைக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால் செம்மண்ணில் புரட்டி எடுத்தது போல் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதிர்வீட்டு வாசலில் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அது தூசி இல்லம்மா. பெல்லாரி மலை. கப்பல் ஏறும்போது உன் பொடவையில கொஞ்சம் எறங்கிக்கிச்சு" என்றார்.

ஆறுதல் சொல்கிறாரா, கேலி பண்ணுகிறாரா என்று தெரியாமல் விழித்தேன். பிறகு அவரோடு பழகிய ஏழெட்டு வருஷத்திலும் அந்தச் சந்தேகம் எனக்கு முழுதாகத் தீரவில்லை.

அவர் அந்தத் தாது யார்டில் மேஸ்திரி. ரயில் வண்டிகளில் வந்து இறங்கும் தாதுவைக் குவித்து, ஜப்பானுக்குப் போகிற கப்பல்களில் ஏற்ற வைப்பது வேலை. காது மடல், நகக்கண், இமை மயிர் எல்லாம் எப்போதும் லேசாகச் சிவந்திருக்கும். அவர் மனைவி செல்வமேரி அக்கா, "இந்த மனுசன் வேட்டிய தண்ணியில முக்கினா ஆரத்தி கரைச்ச மாதிரி கீது" என்று அலுத்துக்கொள்வார். தெருவில் அவருக்கு மலைக்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை ரேஷன் கார்டில்தான் பார்க்க முடியும்.

வாரத்தில் ஆறு நாள் மலையைக் கப்பலேற்றி அனுப்புவார். ஏழாம் நாள், இன்னும் போகாமல் இருக்கிற மலை எதையாவது பார்க்கப் புறப்படுவார். இதுதான் மனிதர்.

"மலை எங்கண்ணே ஓடிடப் போவுது? மெதுவாப் பார்க்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடத்தான் ஓடுது. டெய்லி நான்தானே ஏத்தி வுடுறேன்" என்றார். சிரிக்கவில்லை.

அவரிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. மூர் மார்க்கெட்டில் எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டன. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் குகை, பாறை, பள்ளத்தாக்கு பார்க்கப் போன பழைய கதைகள் அதில் இருந்தன. படங்களை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பீச் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் படித்தேன். இரண்டாம் வாரமே எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. கோயில் இல்லை, குளம் இல்லை, உறவுக்காரர் வீடு இல்லை. வெறும் கல்லைப் பார்க்க மனுஷன் ஊர்விட்டு ஊர் போவது எப்போது, எதற்காக ஆரம்பித்தது? அந்தப் புத்தகத்தின்படி, அது இங்கிலாந்தில் மலைக் குகைகளிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெரிய மனுஷர்கள் குதிரையிலும் கோச்சு வண்டியிலும் போயிருக்கிறார்கள். ஒரு குகையின் வாசலுக்குள்ளேயே கயிறு திரிக்கிறவர்கள் குடிசை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி, ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு உள்ளே போக வேண்டும். ஓரிடத்தில் பாறை தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து வரும். அங்கே பட்டுச் சட்டை போட்ட துரையானாலும் சரி, ஒரு சின்னப் படகில் வைக்கோல் மேல் மல்லாக்கப் படுத்துக்கொள்ள வேண்டும். கூட வருகிற ஆள் படகைத் தள்ளிக்கொண்டு போவான்.

"அந்தக் கூட வர்ற ஆளு யாரு?" என்று கேட்டார்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "சுரங்கத்துல வேலை செய்றவங்கன்னு போட்டிருக்கு. ஈயம் வெட்டுறவங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ மொத மொதல்ல கல்லைச் சுத்திக் காட்டினவன் நம்ம மாதிரி கூலிக்காரன்தான். துரை இல்ல."

"ஆமாண்ணே."

"செல்வி, கேட்டுக்கினியா?" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கிருந்து அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு படித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்லைப் பார்க்க வந்தவர்கள் சுத்தியலோடு வந்தார்கள் என்று அதில் இருந்தது. குகைக் கூரையிலிருந்து விழுதுபோல் இறங்கிய கற்களை உடைத்து வீட்டு அலமாரியில் வைக்க எடுத்துப் போனார்கள். யார் வீட்டில் அதிகக் கல் இருக்கிறதோ அவர் அதிகம் படித்தவர் என்று பேர். கடலோரத்து ஏழைகள் கல்லைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு வந்தவர்களிடம் விற்றார்கள். பிறகு ரயில் வந்தது. ரயில் வந்த பின் கூட்டம் வந்தது, கூட்டத்தின் தீவட்டிப் புகையில் பாக்கி இருந்த கூரையும் கறுத்துப் போனது. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது என்று ஓரிடத்தில் ஒரு வரி இருந்தது: புதுச்சேரிக்குப் பக்கத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, பார்க்கப்போன துரைமார்கள் அதை அறுத்துப் பளபளப்பாக்கிப் பெட்டிகளும் மணிகளும் செய்துகொண்டார்கள்.

நான் படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, "பார்க்கப் போனவனே துன்னுட்டு வந்துக்கிறான் பாரு" என்றார். அவர் எப்போதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது ஏன் என்று அன்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. சாப்பிடும்போதும் சிலுவை போடும்போதும் தவிர அவர் கைகளை முன்பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் டூர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி. அவர் திடீரென்று ஒரு வாரம், "வர்ற ஞாயித்துக்கெழமை, மொதல் பூசை முடிஞ்சதும் மலைக்குப் போறோம். வர்றவங்க சோறு கட்டிக்குங்க" என்று வீடு வீடாகச் சொன்னார். வேதக்கார வீட்டில் மலைக்குப் போகிறோம் என்று சொன்னால் அது பரங்கிமலை. தோமையார் கோயில். பன்னிரண்டு பெண்கள் நல்ல புடவை கட்டி, ஜெபமாலை, பூ, கட்டுக்கட்டாக மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாரிமுனை வரை பஸ், பீச் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில். பரங்கிமலை ஸ்டேஷன் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எழுந்துக்கிறீங்க? இன்னும் கீதே" என்றார்.

ரயில் கிளம்பிவிட்டது. கடலை ஒட்டிய முதல் வீட்டு ஞானம்மாவுக்கு வந்த கோபத்தை நான் மறக்க முடியாது. புருஷன் கடலில் போன பிறகு அவர் விட்டுப்போன படகை வைத்துத் தொழில் நடத்திய பெண்பிள்ளை. குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

"யோவ் மலைக்காரரே, தோமையாரு அங்க கீறாரு, நீ எங்கய்யா இட்டுகினு போற?"

"பல்லாவரம்."

"பல்லாவரத்துல எந்தக் கோயிலு?"

"கோயிலு இல்ல. மலைதான்."

பல்லாவரத்தில் இறங்கி மலையடிவாரம் போய்ச் சேரும் வரை ஞானம்மா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அங்கே போனதும் அவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "கண்ணால பாருங்க. கையி பின்னாடி" என்றார். என்ன காரணமோ, எல்லோரும் கட்டிக்கொண்டோம். பன்னிரண்டு பொம்பளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையேறியதைப் பார்த்து, கல் உடைக்கிற ஆட்கள், எங்களைப் பிடித்து வந்த போலீசைத் தேடினார்கள்.

கறுநீலப் பாறை. எண்ணெய் தேய்த்தது போல் ஒரு மினுக்கு. இந்தக் கல்லில் ஒன்றை எடுத்துப்போய்க் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரன் கல்லறைமேல் போட்டார்கள், இன்று உலகம் பூராவும் இந்தக் கல்லுக்கு அந்தச் செத்தவன் பேர்தான் என்று அவர் சொன்னார். "அவன் எங்க பொறந்தானோ, எங்க செத்தானோ. இது இங்கேயே கெடந்துச்சு. பேரு மட்டும் அவனுது." இதை அவருக்கு எழும்பூர் மியூசியத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பெரிய பாறையின் அடியில் குனிந்து போகிற அளவுக்குப் பொந்து இருந்தது. அந்தப் பாறையின் குறுக்கே தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற மாதிரி ஒரு வெள்ளை வரி ஓடியது. பெண்கள் அங்கேயே அதற்குப் பூணூல் பாறை என்று பேர் வைத்துவிட்டார்கள். உள்ளே இருட்டு. கையில்தான் மெழுகுவத்தி இருக்கிறதே என்று ஆளுக்கொன்று ஏற்றிக்கொண்டு உள்ளே போனோம். வெளிச்சம் பட்டதும் சுவரெல்லாம் பொடிப்பொடியாக மின்னியது. ஞானம்மாதான் கடைசியில், "நல்லாத்தான் கீது" என்றாள். மலைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் வருகிற அந்தச் சுரங்கக்காரன் இடத்தில் அன்று அவர் நின்றார்.

நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். கட்டைவிரல் அளவு ஒரு சில்லு கீழே கிடந்தது. எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். வீட்டில் ரேடியோ மேல் வைத்தேன். அடுத்த ஞாயிறு புத்தகத்தோடு வந்தவர் அதைப் பார்த்தார். அன்று நான் படித்ததைக் கேட்டுவிட்டுப் போனவர் அதற்கப்புறம் இரண்டு வாரம் வரவில்லை. செல்வமேரி அக்காதான் வந்தார்.

"அந்தக் கல்லைக் கொண்டுபோய் வெச்சிட்டு வந்துடேன் தங்கச்சி. அந்த மனுசன் சரியா துன்றதுகூட இல்ல. ஒரே பேஜாரா கீது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு சில்லைத் திருப்பி வைக்க ஒரு பஸ், ஒரு ரயில், ஒரு மைல் நடை. ஆனாலும் அவர்கள் இருவரோடும் போனேன். எடுத்த இடம் எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை. நான் குனிந்து வைத்தேன்.

"இப்போ மலை முழுசா கீது" என்றார்.

அவர் வாயை மூடவில்லை, மலையின் அந்தப் பக்கத்தில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, அவன் லாரி லாரியா எடுத்துனு போறான். நான் எடுத்த சில்லுக்காண்டி ரெண்டு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினீங்களே."

"அவன் தேவைக்கு எடுக்கிறான். நீ ஆசைக்கு எடுத்த" என்றார். அவ்வளவுதான். அதன்பின் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் தெரு பல்லாவரம் போய்வந்தது. ஒருவரும் ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை.

கடல் எங்கள் தெருவைத் தின்ன ஆரம்பித்தது அதற்கப்புறம். துறைமுகம் கட்டின நாளிலிருந்தே வடக்குக் கரையில் மணல் நிற்பதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் வந்தபோது ஞானம்மா வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் வலை காயப்போட இடம் இருந்தது. ஒரு ஐப்பசியில் அந்த இடம் போனது. அடுத்த ஐப்பசியில் அவள் அடுப்படிச் சுவர் இடிந்து, அம்மியோடு கடலுக்குள் போனது. அவள் வீட்டுக்கு அடுத்தது மலைக்காரர் வீடு.

கல்லைக் கொட்டி அலையைத் தடுத்தால்தான் தெரு நிற்கும். தெற்கே ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கமும் வேண்டும் என்று மனு எழுதினோம். நான்தான் டைப் அடித்தேன். தெருவில் எல்லா வீடும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், ஒரு வீடு விட்டுப்போனாலும் தகராறு இருக்கிறது என்று திருப்பிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் போட்டார்கள். மலைக்காரர் போடவில்லை.

கல் லாரி டிரைவரிடம் அவர் விசாரித்திருக்கிறார். கல் பல்லாவரத்திலிருந்து வருகிறது.

பத்து நாள் மனு என் வீட்டில் கிடந்தது. பதினோராம் நாள் ஞானம்மா அவர் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் அடுப்படி கடல்ல கீது. நான் வாசல்ல சோறாக்கிகினு கீறேன். நாளைக்கு உன் வூடு. உனுக்கு மலை பெருசா, நாங்க பெருசா, சொல்லிடு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வமேரி அக்கா உள்ளே அழுதுகொண்டிருந்தது கேட்டது. எனக்கு அவர்மேல் அன்றுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"தேவைக்கு எடுக்கலாம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?" என்றேன்.

"சொன்னேன். அப்போ சொல்றதுக்கு சுளுவா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வர்ற ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஒருவாட்டி வந்து பார்த்துடுங்க. அப்பால போடுறேன்" என்றார்.

ஞானம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "சோறு கட்டணுமா?" என்று கேட்டாள்.

"கட்டிக்கோ."

அந்த ஞாயிறு ஆம்பளைகளும் வந்தார்கள். ரயிலில் யாரும் சத்தம் போடவில்லை. வெடி வைக்கிற இடம் பூணூல் பாறைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. அன்று என்னவோ லீவு, ஆளில்லை. அவர் வழக்கம்போல் எங்களை வரிசையில் நிறுத்தினார். கதை ஒன்றும் சொல்லவில்லை. "இதான் நம்ம தெருவுக்கு வரப்போவுது. நல்லா பார்த்துக்குங்க" என்றார்.

அப்போது ஞானம்மா முந்தானையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தாள். பொந்துக்குள் போவதற்கு இல்லை. பாறைமேல் ஒரு குழிவில் மெழுகைச் சொட்டவிட்டு, நட்டு, ஏற்றிவைத்தாள். கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறையில் புருஷனுக்கு வைப்பது போலத்தான் வைத்தாள். உடனே மற்றப் பெண்களும் ஆளுக்கொன்று ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிற மலைக்கு முன்கூட்டியே வைத்துவிட்டோமே என்று எனக்குத் தோன்றியது. காற்றில் பாதி அணைந்தது. ஏற்றியதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மலைக்காரர் என்னிடம் கை நீட்டினார். மனுவைக் கொடுத்தேன். செல்வமேரி அக்காவின் டிபன் கேரியர் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டதும் கைகளைப் பழையபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

கல் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் ஞானம்மாவின் கூடத்தில் பாதி போய்விட்டது. பிறகு லாரிகள் வந்தன. ஒரு வாரம் ராத்திரி பகலாகக் கொட்டினார்கள். அந்த மழைக்காலத்தில் புயல் அடித்தபோது அலை வந்து கல்லில் மோதி, திரும்பிப் போனது. ஞானம்மாவின் பாதிக் கூடம் நின்றது. மலைக்காரர் வீட்டில் ஓடு ஒன்றுகூட நகரவில்லை.

புயல் ஓய்ந்து நன்றாக வெயில் வந்த ஒரு நாள் மத்தியானம், கற்களின் மேல் நின்றுகொண்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப் போனேன். ஆள் உயரக் கல் ஒன்று, சாய்ந்து கிடந்தது. அதில் வெள்ளை வரி ஓடியது. வரிக்குக் கீழே ஒரு குழிவு. குழிவில் எட்டணாக் காசு அளவுக்கு மெழுகு உறைந்திருந்தது. நடுவில் கருகின திரியின் நுனி.

அவர் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். குனிந்து, அந்தச் சிவந்த உள்ளங்கையை விரித்துக் கல்லின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

கீழே வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஞானம்மா பார்த்துவிட்டாள். "இன்னா மலைக்காரரே, கையி முன்னாடி வந்துடுச்சு?" என்று கேட்டாள்.

"இத்தினி நாளு நாம போய்ப் பார்த்தோம். இன்னிக்கு அது வந்துகீது" என்றார். "வூட்டுக்கு வந்தவங்கள கையப் புடிச்சிக் கூப்புட மாட்டோமா?"

நானும் குனிந்து அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். இந்தத் தடவை அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கல் வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது.